வள்ளி என்று பெயர் வைக்கலாமா?

வணக்கம்.

எங்களுக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வள்ளி என்று பெயர் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. என் அப்பாயி பெயர் வள்ளியம்மாள். ஆனால் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "இளைய தாரத்தின் பெயரை யாராவது பிள்ளைக்கு வைப்பார்களா? அதுவும் வீட்டுக்குத் தெரியாமல் போனவள். வைப்பதென்றால் தெய்வானை என்று வை" என்கிறார் மாமியார். என் கொழுந்தனார் தமிழில் பட்டம் பெற்றவர். "அது வல்லி என்ற வடசொல்லின் திரிபு, தமிழ்ப் பெயர்தான் வேண்டுமென்றால் வேறு தேடுங்கள்" என்கிறார். கணவர் கைப்பேசியில் தேடிப் பார்த்தார். ஓர் இடத்தில் பூ என்றும், இன்னோர் இடத்தில் நட்சத்திரம் என்றும், வேறோர் இடத்தில் பூமி என்றும் பொருள் போட்டிருக்கிறது. அலுவலகத்தில் ஒரு தோழி, "என்னடி, கிழங்குப் பேரா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கே குழப்பமாகிவிட்டது. வள்ளி என்றால் உண்மையில் என்ன? அது தமிழா, வடமொழியா? மாமியார் சொல்வதற்கு ஏதாவது பதில் இருக்கிறதா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

குழந்தைக்கு வாழ்த்துகள். உங்கள் வீட்டிலும் வெளியிலும் கிடைத்த விடைகளில் சரியானது உங்கள் தோழி சிரித்துக்கொண்டே சொன்னதுதான். கிழங்குப் பேர்தான். ஆனால் சிரிக்க அதில் ஒன்றும் இல்லை.

புறநானூற்றின் 109-ஆம் பாட்டு கபிலருடையது. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் வளைத்துக்கொண்டு கிடக்கிறார்கள். வெளியிலிருந்து தானியம் உள்ளே போகாமல் தடுத்துவிட்டால் மலை பணிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. அவர்களைப் பார்த்துக் கபிலர் ஏளனமாகச் சொல்கிறார்: உழவர் உழாமலே இந்த மலையில் நான்கு விளைகின்றன. மூங்கிலில் நெல் விளைகிறது. பலா பழுக்கிறது. மூன்றாவதாக, "கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு வீழ்க்கும்மே." நான்காவது தேன். ஒரு மலையைப் பட்டினியிலிருந்து காக்கிற நான்கு பொருள்களில் ஒன்று வள்ளி. 'வீழ்க்கும்' என்ற வினையைக் கவனியுங்கள். மேலே கொடி படரப் படரக் கீழே கிழங்கு இறங்கிக்கொண்டே போகிறது. யாரும் நடவில்லை, நீர் பாய்ச்சவில்லை.

இங்கே வள்ளி என்பது முதலில் கொடியின் பெயர். அந்தக் கொடியின் கிழங்கு வள்ளிக்கிழங்கு. தாவரவியலார் டயாஸ்கோரியா என்று சொல்லும் பேரினம் இது. இதய வடிவ இலை, கொம்பைச் சுற்றி ஏறும் தண்டு. சில இனங்கள் வலமாகச் சுற்றும், சில இடமாகச் சுற்றும். சுற்றும் திசையை வைத்தே இனம் பிரிப்பார்கள். கோடையில் கொடி முழுக்கக் காய்ந்து உதிர்ந்துவிடும். பார்த்தால் செத்துப்போனது போல இருக்கும். மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு கிடந்து, மழை விழுந்ததும் மறுபடி முளைவிடும். தோண்டுகிறவர்கள் கொடியை ஒட்டிய தலைப்பகுதியை மண்ணிலேயே விட்டுவிட்டால் அடுத்த பருவத்தில் அதே இடத்தில் அதே கொடி. பழனி மலைப் பகுதிப் பளியர்கள் தோண்டுகோல் வைத்து அகழ்ந்து உண்டு வாழ்ந்ததும் இந்த வகைக் காட்டுக் கிழங்குகளைத்தான். சந்தையில் கிடைக்கும் சிறுவள்ளி, யாழ்ப்பாணத்தார் கூழும் களியும் கிண்டும் கத்தரிப்பூ நிற இராசவள்ளி, இவை எல்லாம் இந்தக் குடும்பம்.

இந்த இடத்தில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. இன்று வள்ளிக்கிழங்கு என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. போர்த்துக்கீசியர் கடல் கடந்து வந்த பிறகுதான் இங்கே எட்டிப் பார்த்தன. அவை வந்தபோது நம்மவர்கள் புதுப்பெயர் தேடவில்லை. மண்ணுக்குள் விளையும் கிழங்கா, அப்படியானால் வள்ளி என்று பழைய பெயரையே தூக்கிக் கொடுத்தார்கள். இனிப்பாக இருந்தது சர்க்கரைவள்ளி. கொடியே இல்லாமல் செடியாக நிமிர்ந்து நின்றது மரவள்ளி. கொடி என்ற பொருள் கரைந்து கிழங்கு என்ற பொருள் மட்டும் மிஞ்சியது அப்படித்தான். வள்ளி பிறந்த கதையைச் சொல்கிறவர்கள் சிலர் சர்க்கரைவள்ளித் தோட்டத்தில் குழந்தை கிடந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் பாடிய காலத்தில் அந்தக் கிழங்கு இந்தியாவுக்கே வந்திருக்கவில்லை.

அந்தக் கதைக்கு வருவோம். கந்தபுராணத்தின்படி திருமாலின் மகளிர் அமுதவல்லி, சுந்தரவல்லி இருவரும் முருகனை மணக்கத் தவம் இருக்கிறார்கள். அமுதவல்லி இந்திரன் வீட்டில் வளர்ந்து தெய்வயானை ஆகிறாள். சுந்தரவல்லி சிவமுனிவரின் பார்வையால் ஒரு மானின் வயிற்றில் கருவாகிறாள். வேட்டுவப் பெண்கள் வள்ளிக்கிழங்கு அகழ்ந்துவிட்டுப் போன குழியில் மான் குழந்தையை ஈன்று, இது தன் இனம் இல்லை என்று மிரண்டு ஓடிவிடுகிறது. வேட்டுவர் தலைவன் நம்பி எடுத்து வளர்க்கிறான். குழியில் கிடைத்தவள், எனவே வள்ளி. குப்பை மேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்த பிள்ளைக்குக் குப்பம்மாள் என்று பெயர் வைக்கிற ஊர்தானே இது. கிடந்த இடத்தைப் பெயராக்குவது நமக்குப் புதிதல்ல. காட்பாடிக்கு வடக்கே, மேற்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் வள்ளிமலையைத்தான் அந்த இடமாக மக்கள் காட்டுகிறார்கள். அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும் கங்க மன்னர் காலக் கல்வெட்டும் இருக்கின்றன என்பது வேறு கதை.

எனக்குத் தோன்றுவது இது: பெயர்தான் முதலில் இருந்தது, பிறப்புக் கதை பிற்பாடு வந்தது. சங்கப் பாட்டில் வள்ளி பெயரோடு வருகிறாள். அங்கே மானும் இல்லை, குழியும் இல்லை, திருமாலும் இல்லை. குறவர் வீட்டுப் பெண், முருகனோடு சேர்ந்தவள், அவ்வளவுதான். அவளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்கும் தேவை அந்தக் காலத்தவருக்கு இருந்திருக்காது. மலையில் எங்கும் படர்ந்து கிடக்கும் கொடி, பஞ்சத்தில் சோறு போடுவது. மலைப்பெண்ணுக்கு அதைவிட இயல்பான பெயர் வேறென்ன? நூற்றாண்டுகள் கழித்துச் சமவெளியில் உட்கார்ந்து யோசித்தவர்களுக்குத்தான் ஒரு கடவுளின் மனைவிக்குக் கிழங்கின் பெயர் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் கொழுந்தனாருக்கான பதில் கொஞ்சம் நீளும். அவர் சொல்வதில் பாதி உண்மை. வடமொழியில் வல்லி என்றால் கொடி. பழைய சொல்தான், தைத்திரீய உபநிடதத்தின் பகுதிகளுக்கே சிக்ஷாவல்லி, ஆனந்தவல்லி, பிருகுவல்லி என்றுதான் பெயர். நம் ஊர்களில் கோமளவல்லி, மரகதவல்லி, பங்கஜவல்லி என்று வருகிறவை எல்லாம் அந்த வல்லி. கச்சியப்பரும் சுந்தரவல்லியை லகரத்தில் பிறக்கவைத்து வள்ளி என்று ளகரத்தில் வளர்க்கிறார். ஒலியும் பொருளும் இத்தனை நெருக்கமாக இருக்கும்போது ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது என்று நினைப்பது இயற்கை.

எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. தமிழில் வள் என்பது வளைதலைக் குறிக்கும் ஒரு பெரிய குடும்பம். வளை, வளையல், வளைவு, வளாகம் என்று போகும். வள்ளி என்ற சொல்லுக்கே கைவளை என்று ஒரு பொருள் உண்டு. சுற்றி வளைந்து ஏறுவது வள்ளி என்று கொள்வதில் இழுத்துப் பிடிக்க வேண்டியது ஒன்றுமில்லை. பக்கத்து மொழிகளையும் பாருங்கள். மலையாளத்தில் கொடி என்பதற்கு இன்றும் அன்றாடச் சொல் வள்ளிதான். கன்னடத்தில் அது பள்ளி என்று ஆகும். முதல் எழுத்தைப் பஸ் என்று சொல்லும்போது வருகிற பகரமாக ஒலிக்க வேண்டும். இது தற்செயல் இல்லை. தமிழின் முதல் வகரம் கன்னடத்தில் பகரமாவது பழைய வழக்கம். நம் வெள்ளி அங்கே பெள்ளி, நம் வா அங்கே பா. வள்ளியும் அந்த வரிசையில் ஒழுங்காக நிற்கிறது, ளகரம் சிதையாமல். இரவல் வாங்கிய சொல் மூன்று மொழிகளில் இவ்வளவு ஒழுங்காக வேர்விட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வடமொழி வல்லிதான் தெற்கிலிருந்து போனது என்று கருதுவோரும் உண்டு, மறுப்போரும் உண்டு. அந்த வழக்கு தீர்ந்த பிறகுதான் குழந்தைக்குப் பெயர் வைப்பது என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கொடிக்கும் கிழங்குக்கும் மலைப்பெண்ணுக்கும் ளகரத்தோடு வழங்கும் வள்ளி சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. தமிழ்ப் பெயர் என்று சொல்ல அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பூ என்று இணையத்தில் வந்தது முற்றிலும் தவறல்ல. பரிபாடலின் 14-ஆம் பாட்டு முருகனை "நறுமலர் வள்ளிப்பூ நயந்தோயே" என்று அழைக்கிறது. பூப் போன்ற வள்ளியா, வள்ளிக்கொடியின் பூவா என்று பிரிக்க முடியாதபடி அமைந்த வரி. நட்சத்திரமும் பூமியும் எங்கிருந்து வந்தன என்று தேடுவதை விட்டுவிடலாம். பெயருக்குப் பொருள் தரும் அந்தப் பக்கங்கள் எல்லாப் பெண் பெயருக்கும் அழகு, ஒளி, தேவதை என்று எழுதிவிட்டு உறங்கப் போகின்றன.

தொல்காப்பியத்தில் இன்னொரு வள்ளி இருக்கிறது. முருகனின் பூசாரியான வேலன் சாமியேறி ஆடும் வெறியாட்டைச் சொல்லும் நூற்பாவில் "வாடா வள்ளி" என்று வருகிறது. வாடுகிற வள்ளி கொடி. வாடாத வள்ளி கூத்து. வள்ளிக்கூத்து என்றுதான் உரையாசிரியர்கள் பொருள் கொள்கிறார்கள். ஆக, கொடிக்கும் கிழங்குக்கும் பெண்ணுக்கும் ஆட்டத்துக்கும் ஒரே பெயர். இதில் ஆட்டம் இன்றும் நின்றபாடில்லை. கொங்குப் பக்கத்தில் வள்ளிக் கும்மி கேட்டிருப்பீர்கள். முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாடிக்கொண்டே கைகொட்டிக் காலடி வைத்துச் சுற்றுவார்கள். வள்ளியின் கதையை ஆடும் ஆட்டம் நெடுநாள் ஆண்கள் கையில்தான் இருந்தது. அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் கோவைப் பகுதியைச் சேர்ந்த பத்ரப்பன். வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

இனி மாமியார். இளைய தாரம், வீட்டுக்குத் தெரியாமல் போனவள் என்ற இரண்டு குற்றச்சாட்டுகள். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது உண்மை.

நற்றிணையின் 82-ஆம் பாட்டில், அம்மூவனார் பாடியது, தலைவன் தன் காதலியிடம் சொல்கிறான்: "முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல" நீ என் கண்ணைக் கூசவைக்கிறாய், பார்க்க முடியவில்லை. முருகனோடு கூடி நடந்து சென்ற வள்ளி. போன நடையைத்தான் உவமையாக்குகிறார் புலவர். அதில் பழிக்குரியது எதுவும் இருந்திருந்தால் காதலியைப் புகழ இதை எடுத்திருப்பாரா? தமிழில் வள்ளியின் பெயர் வருகிற மிகப் பழைய இடங்களில் இது ஒன்று. இந்தப் பாட்டில் தெய்வயானை என்று யாரும் இல்லை.

திருமுருகாற்றுப்படையில் முருகனின் ஆறு முகங்களுக்கும் ஆறு வேலை. ஒன்று உலகை ஒளிரச் செய்கிறது, ஒன்று வரம் தருகிறது, ஒன்று வேள்வி காக்கிறது, இப்படியே போய் ஆறாவது முகம் "குறவர் மடமகள் கொடிபோல் நுசுப்பின் மடவரல் வள்ளியொடு" சிரித்துக்கொண்டிருக்கிறது. நக்கீரர் குறும்புக்காரர், கொடியின் பெயர் கொண்டவளுக்குக் கொடி போன்ற இடை. அதே நூலின் தொடக்கத்தில் "மறுவில் கற்பின் வாணுதல் கணவன்" என்று ஒரு வரி வருகிறது. அது தெய்வயானையைக் குறிக்கிறது என்பது உரைகாரர் முடிவு. பெயர் சொல்லி அழைக்கப்படுகிறவள் வள்ளிதான்.

இருவரையும் ஒரே மேடையில் ஏற்றி மோதவிட்ட பாட்டு பரிபாடலின் 9-ஆம் பாட்டு, குன்றம்பூதனார் பாடியது. உங்கள் மாமியாருக்கு வாசித்துக் காட்ட ஏற்றது. முருகன் வள்ளியை மணந்த நாளில் இந்திரன் மகளின் கண்ணிலிருந்து மழை பெய்ததாம்; அதனால் கடும் வேனிலில் பரங்குன்றில் கார்காலம் போல மழை இறங்கியதாம். மூத்தவளின் துயரத்தைப் புலவர் மறைக்கவில்லை. அப்புறம் சண்டை. இவளுடைய மயிலும் அவளுடைய மயிலும் மோதுகின்றன, கிளியும் கிளியும் ஏசிக்கொள்கின்றன, தோழியர் கையில் கிடைத்த மாலையாலும் பந்தாலும் அடித்துக்கொள்கிறார்கள். "மறங்கெழு வள்ளி தமர்" என்று சொல்கிறார் புலவர், வீரம் பொருந்திய வள்ளியின் ஆட்கள். தும்பை சூடிய வீரர்கள் போல நின்று களத்தைத் தம் பக்கம் கொண்டுவருகிறவர்கள் அவர்கள். இதற்கு நடுவே ஒரு வாதமும் ஓடுகிறது: பெற்றோர் கொடுக்கக் கொள்ளும் மணம் உயர்ந்ததா, தாமே கண்டு கூடும் மணம் உயர்ந்ததா? குன்றம்பூதனார் இரண்டாவதன் பக்கம். தண்தமிழை ஆய்ந்து அறியாதவர்கள் இந்தக் குன்றத்தின் பயனைக் கொள்ளமாட்டார்கள் என்று சொல்லிவிடுகிறார். அவர் சொல்லும் தமிழ் அகத்திணை, அதாவது காதல் பாட்டு; அதிலும் வீட்டாருக்குத் தெரியாமல் காதலிக்கும் களவு ஒழுக்கம். வள்ளியை ஒப்புக்கொள்ளாதவருக்குத் தமிழ் தெரியாது என்கிற அளவுக்குப் போய்விட்டார். இதை மாமியாரிடம் அப்படியே சொல்ல வேண்டாம்.

சிலப்பதிகாரக் குன்றக்குரவையில் மலைப்பெண்கள் முருகனிடம் போடும் வேண்டுதல் இன்னும் நேரானது. "குறமகள் அவள்எம் குலமகள்" என்று தொடங்குகிறார்கள். அவள் எங்கள் வீட்டுப் பெண், அவளோடு சேர்த்து உன் அடியைத் தொழுகிறோம், எங்களுக்கும் நல்ல மணம் கிடைக்கட்டும். உறவு சொல்லிச் சாமி கும்பிடுகிற உரிமை அது. இலங்கையில் கதிர்காமத்துக் காட்டில் வேடர்களும் இதே உரிமையைத்தான் கொண்டாடுகிறார்கள்; வள்ளி எங்கள் குலத்துப் பெண், முருகன் எங்கள் மருமகன். அங்கே ஆடித் திருவிழாவில் முருகனின் யந்திரத்தை யானைமேல் ஏற்றிக்கொண்டு ஊர்வலம் வள்ளியம்மன் கோயிலுக்குத்தான் போய்த் திரும்புகிறது. அவர் போகிறார், அவள் வருவதில்லை.

இளைய தாரம் என்ற கணக்கு பரிபாடலிலேயே தெரிகிறது, கந்தபுராணம் அதைக் கதை வரிசையாக விரிக்கிறது. ஆனால் கந்தபுராணத்திலேயே இருவரும் உடன்பிறந்தவர்கள், ஒரே தவம், ஒரே வரம். பிற்காலச் சைவத்தில் வள்ளியை இச்சாசக்தி என்றும், உயிர் என்றும், தினைப்புனத்தை உலக வாழ்க்கை என்றும் தத்துவமாக விரித்தார்கள். படித்திருக்கிறேன், எனக்கு அதில் ருசி இல்லை. பரண்மேல் நின்று கவண் சுழற்றிக் கிளி விரட்டுகிற பெண்ணை உருவகமாக மாற்றினால் கவணும் போய்விடும், கிளியும் போய்விடும். அருணகிரிநாதர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. கந்தர் அனுபூதியின் 6-ஆம் பாட்டில் முருகன் வள்ளியின் காலடியில் பணிந்து, எனக்கு என்ன பணி என்று கேட்டு நிற்கிறான்: "பணியா என வள்ளிபதம் பணியும் தணியா அதிமோக தயாபரனே." தீராத மோகம், தீராத தயை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

மேடைக்குப் போனால் இந்த வள்ளி இன்னும் வாயாடி. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம் மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் விழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கிறது. ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை என்று ஒன்று கிடையாது, மேடையில்தான் சந்திப்பே. அதில் வள்ளி தினைப்புனத்தில் கிளி விரட்டிப் பாடும் ஆலோலப் பாட்டு முடிந்ததும் நாரதர் வருவார், வள்ளிக்கும் அவருக்கும் தர்க்கம் தொடங்கும். சாத்திரம், இலக்கணம், கல்யாணம், பெண் பிறப்பு எல்லாவற்றிலும் கேள்வி வந்து விழும். அங்கேயே யோசித்து, அங்கேயே பாட்டெடுத்து, ஆர்மோனியக்காரர் சுருதி பிடிப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். நாரதரை மடக்குகிற வள்ளிக்குத்தான் அடுத்த ஊரிலும் நாடகம் கிடைக்கும். ஊர்ப் பெண்கள் தூங்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்து கேட்பது அந்தத் தர்க்கத்தைத்தான்.

இந்தப் பெயரில் வாழ்ந்த ஒரு பெண்ணையும் சொல்ல வேண்டும். தில்லையாடி வள்ளியம்மை தில்லையாடியில் பிறக்கவில்லை. அது பெற்றோரின் ஊர், தரங்கம்பாடிக்குப் பக்கம். அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில், 1898 பிப்ரவரி 22. 1913-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார்: கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, முறைப்படி பதிவாகாத திருமணங்கள் சட்டப்படி செல்லாது. ஒரே நாளில் அங்கிருந்த இந்தியப் பெண்கள் மனைவி என்ற நிலையை இழந்தார்கள். அதோடு ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீது 3 பவுன் தலைவரி. இவற்றை எதிர்த்துப் பெண்கள் தெருவில் இறங்கியபோது வள்ளியம்மை தாயோடு சேர்ந்துகொண்டார். மாரிட்ஸ்பர்க் சிறையில் 3 மாதக் கடுங்காவல். அங்கே பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, தம் பதினாறாவது பிறந்தநாளில் இறந்துபோனார். எலும்பும் தோலுமாகக் கிடந்தவரைப் பார்க்கப் போன காந்தி, சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று கேட்டதையும், இப்போது கைது செய்தாலும் மறுபடி போவேன் என்று அவர் சொன்னதையும் தம் தென்னாப்பிரிக்க சத்தியாகிரக வரலாற்றில் எழுதியிருக்கிறார். சடங்கில்லாத கல்யாணம் செய்துகொண்ட குறமகளின் பெயரைத் தாங்கிய பெண், எது கல்யாணம் என்று நீதிமன்றம் தீர்மானிப்பதை எதிர்த்துச் சிறைக்குப் போனாள். இதைத் திட்டமிட்டு யாரும் பெயர் வைத்திருக்க முடியாது.

பெயரின் வடிவங்களைப் பற்றியும் கொஞ்சம். செட்டிநாட்டில் வள்ளியம்மை, மற்ற இடங்களில் வள்ளியம்மாள், வள்ளிநாயகி, வள்ளிக்கண்ணு, வள்ளிமயில். ஆண்களுக்கும் இது போனது. வள்ளிநாயகம், வள்ளிமணாளன், வள்ளியப்பன். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) பெயரும் இதிலிருந்துதான். பொதுவாக நம் ஊரில் கடவுளின் பெயரை ஒட்டித்தான் தேவியின் பெயர் அமையும். ஈஸ்வரனால் ஈஸ்வரி, நாராயணனால் நாராயணி. முருகன் விஷயத்தில் தலைகீழ். அவர் வள்ளியின் மணாளன், வள்ளியின் நாயகன்.

உங்கள் குழந்தைக்கு எதை வைப்பது என்று கேட்டால், வெறும் வள்ளி போதும் என்பேன். அப்பாயி பெயர் முழுசாக வர வேண்டும் என்று வீட்டில் விரும்பினால் பதிவில் வள்ளியம்மாள் என்று போட்டுவிட்டு வள்ளி என்று கூப்பிடலாம். ஆனால் இரண்டு பெயர் வைத்துக்கொண்டால் பள்ளிக்கூடத்திலிருந்து கடவுச்சீட்டு வரை எங்காவது ஒன்று மாறி எழுதப்பட்டு அலையவிடும். எண் கணிதக்காரரிடம் கொண்டுபோனால் இன்னோர் எழுத்தைச் சேர்க்கச் சொல்வார். போகாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது வள்ளியும் வல்லியும் ஒன்றாகிவிடும், அதைத் தடுக்க வழியில்லை. ஆகவே பிறப்புச் சான்றிதழில் தமிழிலும் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா, ளகரம் ளகரமாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் திருத்தப் போனால் நடை அதிகம். வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை என்றால் அவசரம் ஒன்றுமில்லை. பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து ஓராண்டு வரை கட்டணம் இல்லாமலே பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழி உண்டு. அதற்குள் மாமியாரிடம் பரிபாடலைப் படித்துக் காட்டுங்கள், மழை பெய்கிற இடம் வரைக்கும் மட்டும்.